இரசீதும் இயந்திரமும்

“கணிப்பொறி பொய் சொல்லாது, அம்மா” என்று வயது முதிர்ந்த ஒரு பெண்மணியிடம், பலர் கேட்க, நான் ஒருமுறை சொன்னேன். சொன்னது பிழை என்பதை அன்றிரவே அறிந்தேன். அப்பிழையை எவ்வாறு அறிந்தேன், அதற்குத் துணையாயிருந்த கருவி யாது என்பதை நம் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். நம்மவர் பிள்ளைகளில் பலர் இன்று ஐரோலிக்கும் பூனாவுக்கும் மென்பொருள் வேலைக்குச் செல்கின்றனர். அவர்கள் அங்கே என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் பெற்றோர்க்குச் சொல்லத் தெரிவதில்லை. அவர்கள் நாளின் பெரும்பகுதியைக் கழிப்பது நான் இங்குக் கூறப்போகும் இப்பணியில்தான்.

உல்லாஸ்நகரை அறியாதார்க்கு ஒரு சொல். கல்யாண் சந்திப்புக்கு அப்பால், போர்க்காலத்தில் இராணுவ முகாமாக இருந்த நிலம் இது. பிரிவினைக்குப் பின் சிந்து மாகாணத்திலிருந்து வந்த மக்களுக்கு இங்கே இருப்பிடம் அளிக்கப்பட்டது. 1949ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள் இந்நகருக்கு அடிக்கல் நாட்டியவர் அப்போதைய கவர்னர் ஜெனரல் இராஜாஜி என்பதை நம்மவர் பெருமையோடு நினைவு கூர்வர். இன்றும் ஊரில் இடங்களை முகாம் எண்ணைக் கொண்டே குறிப்பது வழக்கம். இத்தகைய ஊரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து, பிள்ளைகளின் படிப்புக்கென ஒரு சிறு நிதி நடத்தி வருகின்றோம். குடும்பத்துக்கு மாதம் ரூ.100. ஆண்டு முழுவதற்கும் ரூ.1,200 செலுத்திய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஜூன் மாதத்தில் நோட்டுப் புத்தகங்களும் கட்டணத்தில் ஒரு பகுதியும் கிடைக்கும். மாதந்தோறும் கட்டலாம், இரண்டு தவணையாகவும் கட்டலாம், மொத்தமாகவும் கட்டலாம்.

குடும்பங்கள் 183 ஆனபின், பேரேட்டில் கூட்டிக் கழித்துப் பார்ப்பது எனக்குச் சுமையாயிற்று. இரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம் பார்ப்பவன், கூட்டல் கழித்தலை வீட்டிலும் செய்யவேண்டுமா என்ற சோம்பலும் இருந்தது என்பதை மறைப்பானேன்? எங்கள் சாலில் குடியிருக்கும் இளைஞர் ஒருவர் மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறார். அவர் கற்றுக் கொடுக்க, ‘பைதான்’ என்னும் கணிப்பொறி மொழியில் சிறு நிரல் ஒன்று எழுதினேன். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவனுக்கும் எட்டக்கூடிய மொழிதான் அது. நிரல் செய்யவேண்டியது இவ்வளவே: வரவுப் பட்டியலில் ஒவ்வொரு வரியாகப் படிக்கவேண்டும், தொகையை எண்ணாக மாற்றி, உரிய குடும்பத்தின் பெயரில் கூட்டவேண்டும், இறுதியில் ரூ.1,200 நிறைந்தவர் பெயர்களை அச்சிடவேண்டும்.

முதல் முறை ஓட்டியபோது, நாற்பத்தோராம் வரியில் நிரல் நின்றுவிட்டது. திரையில் ஆங்கிலத்தில் நாலைந்து வரிகள் தோன்றின. இரவு பதினொரு மணி. மறுநாள் காலையில் பட்டியலை ஒட்டவேண்டும். அச்செய்தியை முழுதும் படிக்கவும் எனக்குப் பொறுமையில்லை. ‘இவ்வரியைச் செய்ய முயல்க, இயலாதெனின் ஒன்றும் சொல்லாது அடுத்ததற்குச் செல்க’ என்று இயந்திரத்துக்குக் கட்டளையிடும் வழி ஒன்று உண்டு. பைதானில் ‘ட்ரை’, ‘எக்ஸெப்ட்’, ‘பாஸ்’ என்னும் மூன்று சொற்களால் அதனை எழுதிவிடலாம். எழுதினேன். நிரல் தங்குதடையின்றி ஓடி முடிந்தது. 171 குடும்பங்கள் தகுதி பெற்றன, 12 பெறவில்லை. நிம்மதியாக உறங்கினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பட்டியலை ஒட்டியதும் அந்த அம்மையார் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்தவர், கணவரை இழந்தபின் இட்லி வியாபாரத்தில் மகளைப் படிக்க வைப்பவர். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மாவு வண்டியோடு நிற்பவர். அவர் பெயர் பட்டியலில் இல்லை.

“தம்பி, நான் தீபாவளி கழிந்த மறுவாரமே மொத்தமாகக் கட்டிவிட்டேனே” என்றார்.

அப்பொழுதுதான் நான் முதலில் கூறிய அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவர் சினங்கொள்ளவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த இரசீதை எடுத்து மேசைமேல் வைத்தார். “இயந்திரம் என்னிடம் ரூபாய் வாங்கவில்லையே, தம்பி. நீங்கள்தானே வாங்கினீர்கள்?” என்றார். இரசீதில் இருந்த கையெழுத்து என்னுடையது.

மாலையில் வீடு திரும்பி, நிரலை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். ஏழெட்டு முறை படித்திருப்பேன். குற்றம் ஒன்றும் புலப்படவில்லை. தான் எழுதியதைத் தானே படிக்கும்போது, எழுதியிருப்பதை விட்டு, எழுத நினைத்ததையே கண் படிக்கிறது. அலுவலகத்தில் கணக்கு ஒத்துவராதபோதும் இதே கதைதான். அதனால்தான் ஒருவர் படிக்க மற்றவர் டிக் அடிக்கும் வழக்கம் ஏற்பட்டது.

சாலின் இளைஞர் வந்து பார்த்தார். “அண்ணா, படித்துப் பார்த்தால் கிடைக்காது. நடக்க விட்டுப் பாருங்கள்” என்றார். பிறகு ‘டிபக்கர்’ என்னும் கருவியை எனக்கு அறிமுகம் செய்து வைத்தார்.

டிபக்கரைத் தமிழில் பிழைநீக்கி என்பர். பெயர் சற்று மிகை. அது எப்பிழையையும் தானே நீக்குவதில்லை. அது செய்வது நிரலை நிறுத்தி நிறுத்தி நடத்துவது ஒன்றே. கணிப்பொறி ஒரு நொடியில் கோடிக்கணக்கான செயல்களைச் செய்து முடிக்கிறது. நமக்குத் தெரிவது தொடக்கமும் முடிவுமே. இடையில் நடந்ததைக் காணவேண்டுமானால் இயந்திரம் நம் நடைக்கு இறங்கி வரவேண்டும். இரயில்வே அன்பர்களுக்கு இதனை விளக்குவது எளிது. இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதையில், ‘லைன் கிளியர்’ கிடைத்தாலன்றி வண்டி புறப்படாது. டிபக்கரில் ஒவ்வொரு வரியும் ஒரு நிலையம். நாமே நிலைய அதிபர். நாம் கொடி காட்டினால் ஒரு வரி நகரும், மீண்டும் நிற்கும். நிற்கும் இடத்தில் வண்டியில் என்ன சரக்கு இருக்கிறது என்று திறந்து பார்க்கலாம்.

பைதானோடு கூடவே வரும் டிபக்கருக்குப் ‘பி.டி.பி.’ என்று பெயர். தனியே விலை கொடுத்து வாங்கவேண்டியதில்லை. ஓரெழுத்துக் கட்டளைகள் சிலவே போதும். ‘என்’ தட்டினால் ஒரு வரி நடக்கும். ‘எஸ்’ தட்டினால், அவ்வரி வேறொரு துணைநிரலை அழைப்பின் அதனுள்ளும் நுழைந்து பார்க்கும். நேர்ப்பாதையை விட்டுக் கிளைப்பாதையில் இறங்குவது போல. ‘சி’ என்றால் அடுத்த நிறுத்தம் வரை ஓடும். ‘டபிள்யூ’ என்றால், எவ்வழியாக இங்கு வந்தோம் என்பதைக் காட்டும். ‘பி’ என்று தட்டி ஒரு பெயரையும் கொடுத்தால், அப்பெயருக்குள் அக்கணத்தில் இருக்கும் மதிப்பைச் சொல்லும். எவ்விடத்தில் நிற்கவேண்டுமோ அவ்விடத்தில் ‘பிரேக்பாயிண்ட்’ என்னும் நிறுத்தத்தை வைக்கவேண்டும். கைகாட்டி மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2018ஆம் ஆண்டில் வெளிவந்த பைதான் 3.7 முதல், ‘பிரேக்பாயிண்ட்’ என்னும் ஒரே சொல்லை நிரலில் எழுதினால் போதும். நிரல் அங்கே வந்து நின்று நம் கட்டளைக்குக் காத்திருக்கும்.

நான் கைகாட்டியை முதல் வரவிலேயே வைத்து, ‘என்’, ‘என்’ என்று தட்டத் தொடங்கினேன். ஒரு வரவுக்கு நான்கு தட்டு. முப்பது வரவு தாண்டுவதற்குள் விரல் ஓய்ந்தது; எல்லாம் ஒழுங்காகவே நடந்துகொண்டிருந்தது. இளைஞர் சிரித்தார். “எல்லா வண்டியையும் ஏன் நிறுத்துகிறீர்கள்? உங்களுக்கு வேண்டிய வண்டியை மட்டும் நிறுத்துங்கள்” என்றார். நிறுத்தத்தோடு நிபந்தனை ஒன்றையும் சேர்க்க முடியுமாம். ‘தொகையை எண்ணாக மாற்றும் வரியில் நில், ஆயின், பெயர் இன்னதாயிருந்தால் மட்டும் நில்’ என்று அம்மையாரின் பெயரைக் கொடுத்தேன். ‘சி’ தட்டினேன். கண் இமைப்பதற்குள் அவர் வரவில் வந்து நின்றது.

நெஞ்சு சற்றுப் படபடத்தது. ‘பி’ தட்டித் தொகையைக் கேட்டேன். மேற்கோள் குறிகளுக்கு நடுவே 1,200 என்று காட்டிற்று. ஆக, அவர் வரவு பட்டியலில் இருக்கிறது, தொகையும் இருக்கிறது. பணம் எங்கும் போய்விடவில்லை. அடுத்து ‘என்’ தட்டினேன். ‘வேல்யூ எர்ரர்’ என்று திரையில் ஒரு வரி எழுந்தது. முன்னிரவு நான் வாயைக் கட்டிவைத்த இயந்திரம் அப்பொழுதுதான் மீண்டும் வாய் திறந்தது. மேலும் ஒருமுறை ‘என்’ தட்டினேன். கூட்டும் வரிக்குப் போகவேண்டிய நிரல், அதனைத் தாண்டி, நான் செருகிய ‘எக்ஸெப்ட்’ வரிக்குத் தாவிற்று. அடுத்த தட்டில் ‘பாஸ்’. அதற்கடுத்த தட்டில் வேறொரு குடும்பத்தின் வரவு. அம்மையாரின் ஆண்டு முழுதும் சேர்த்த பணம் கண்ணெதிரே கடந்து போயிற்று.

காரணம் ஒரு காற்புள்ளி. நாம் ஆயிரத்தை எழுதும்போது ஒன்றுக்குப் பின் காற்புள்ளி இடுகிறோம். நமக்கு அது அழகு. பைதானுக்கு அது எண்ணின் உறுப்பன்று. காற்புள்ளியோடு கூடிய தொடரை எண்ணாக மாற்றச் சொன்னால், அது மறுத்து அறிவிக்கும். இவ்வறிவிப்பை ‘எக்ஸெப்ஷன்’ என்றும், தமிழில் விதிவிலக்கு என்றும் கூறுவர். பட்டியலில் பதிவு செய்தவர் இருவர். ஒருவர் காற்புள்ளி இடாதவர். மற்றவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். எதனையும் முறைப்படி எழுதுபவர். அவர் முறைப்படி எழுதியதே அக்குடும்பங்களுக்கு வினையாயிற்று. நூறு நூறாகக் கட்டியவர்களுக்குக் காற்புள்ளிக்கே இடமில்லை. ஆகவே அவர்கள் தப்பினர். ஓராண்டுப் பணத்தையும் ஒரே நாளில் கொண்டுவந்து கொடுத்தவர்களே விழுந்தனர்.

இந்தக் கருவியில் நான் வியந்தது மற்றொன்று உண்டு. நிரல் நின்றுகொண்டிருக்கும்போதே அதனோடு உரையாடலாம். அதே இடத்தில், காற்புள்ளியை நீக்கி எண்ணாக மாற்று என்று தட்டினேன். 1200 என்று விடை வந்தது. மருந்தை நோயாளிக்குக் கொடுக்கும்முன் கரண்டியில் ஊற்றிப் பார்ப்பது போல, நிரலில் திருத்தம் எழுதுமுன்னரே அதனை அங்கேயே சோதித்துக்கொள்ள முடிந்தது. பட்டியலில் விழுந்த பன்னிரண்டு பேரையும் அவ்விரவே ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தேன். ஒன்பது பேர் காற்புள்ளியால் விழுந்தவர். ஒருவர் ரூ.600 வீதம் இரு தவணை கட்டியவர். இரண்டாவது தவணையில் சுழியத்துக்குப் பதிலாக ‘ஓ’ என்னும் ஆங்கில எழுத்து விழுந்திருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, இயந்திரத்துக்கு அல்ல. எஞ்சிய இருவரே மெய்யாகக் கட்டாதவர். பாஸ் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். நிரல் காட்டிய மொத்தத்தைவிட வங்கி இருப்பு ரூ.11,400 கூடுதலாக இருந்தது. ஒன்பது ஆயிரத்திருநூறும் ஓர் அறுநூறும் சேர்ந்தால் அதே தொகை. ஒட்டும் முன் இவ்விரண்டையும் ஒத்துப் பார்த்திருந்தால் சனிக்கிழமை இரவே அகப்பட்டிருக்கும். நாள்தோறும் ரொக்கம் ஒத்துப் பார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவன் அதனைச் செய்யாது விட்டேன். இதற்கு இயந்திரம் என்ன செய்யும்?

இந்த நிறுத்தி நடத்தும் முறை இன்று நேற்று வந்ததன்று. கேம்பிரிட்ஜில் எட்சாக் என்னும் கணிப்பொறி 1949ஆம் ஆண்டு மே மாதம் இயங்கத் தொடங்கியது. சில வாரங்களுக்குள்ளேயே, தம் எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதி தம் நிரல்களிலேயே பிழை தேடுவதில் கழியப்போகிறது என்று அதனை ஆக்கிய மாரிஸ் வில்க்ஸ் உணர்ந்தாராம். அவருடைய குழுவைச் சேர்ந்த ஸ்டான்லி கில் என்பார், நிரலின் ஒவ்வொரு கட்டளையையும் தனித்தனியே செய்வித்து, நடந்ததை அச்சிட்டுக் காட்டும் முறையை வகுத்து 1951ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆயினும், இயந்திரத்தின் முன் அமர்ந்து உரையாடியே பிழை தேடும் வழக்கம் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் வளர்ந்தது. ஆங்கிலத்தில் நிரற்பிழையைப் பூச்சி என்று குறிப்பர். 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் ஹார்வர்டின் மார்க் 2 இயந்திரத்தில் மெய்யாகவே ஓர் அந்துப்பூச்சி சிக்கியது. அதனைக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தனர். ஆனால் அச்சொல் அதற்கு முன்னரே வழக்கில் இருந்தது. பூச்சி என்றால் மருந்து வேண்டுமன்றோ? எம்.ஐ.டி.யினர் டி.எக்ஸ். 0 என்னும் இயந்திரத்துக்கு எழுதிய பிழைதேடும் நிரலுக்கு ‘ஃப்ளிட்’ என்று பெயரிட்டனர். 1961ஆம் ஆண்டில் பி.டி.பி. 1 என்னும் இயந்திரத்துக்கு எழுதியதற்கு ‘டி.டி.டி.’ என்றே பெயர் வைத்தனர். வீட்டில் ஃப்ளிட் அடித்ததும், மலேரியாக் காலத்தில் டி.டி.டி. தெளிக்க ஆட்கள் வந்ததும் நம் முதியோர்க்கு நினைவிருக்கும். (இந்த இயந்திரத்தின் பெயரும் பைதான் டிபக்கரின் பெயரும் ஒன்றாக ஒலிப்பது தற்செயல்.)

நம் பம்பாயும் இதில் பின்தங்கியிருக்கவில்லை. கொலாபாவில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், நம் நாட்டவரே வடிவமைத்த கணிப்பொறி 1960ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. 1962ஆம் ஆண்டில் பிரதமர் நேரு அதற்கு ‘டிஃப்ராக்’ என்று பெயர் சூட்டினார். அதனை ஆக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன்.

விதிவிலக்குக்கு வருவோம். விதிவிலக்கு எழும்போது அதனை ஏந்துவதற்கு ஒருவரும் இல்லையெனின் நிரல் அங்கேயே விழுந்துவிடும். உலகறிய அவ்வாறு விழுந்தது ஒன்று உண்டு. 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள், தென் அமெரிக்காவில் உள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பியரின் ஏரியான் 5 ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. ஏறத்தாழ 37 வினாடிகளில் அதன் திசைகாட்டும் கணிப்பொறி செயலிழந்தது. ராக்கெட் வளைந்து சிதறியது. பெரிய எண் ஒன்றை 16 பிட் இடத்துக்குள் அடைக்க முயன்றதே காரணம். அவ்விடத்தில் 32,767க்கு மேற்பட்ட எண் கொள்ளாது. மரக்காலில் மூட்டையைக் கொட்டினாற்போலாயிற்று. அத்தகைய ஏழு மாற்றங்களில் நான்குக்கு மட்டும் காப்பு இருந்தது, மூன்றுக்கு இல்லை, விபத்து அம்மூன்றில் ஒன்றில் நேர்ந்தது. ஏரியான் 4இல் ஒழுங்காக ஓடிய நிரலையே இதிலும் வைத்திருந்தனர். மாற்றாக வைத்த இரண்டாவது கணிப்பொறியிலும் அதே நிரல். அதுவும் அதே காரணத்தால், முதலதற்குச் சற்று முன்னரே ஓய்ந்திருந்தது! பின்னர் விசாரணைக் குழுவினர் ராக்கெட் அனுப்பிய தகவல்களைக் கொண்டு, நடந்ததை அடி அடியாகப் பின்னோக்கிச் சென்று கண்டறிந்தனர்.

ஆயினும் என் மனத்துக்கு, விழும் நிரலைக் காட்டிலும் விழாத நிரலே அஞ்சத்தக்கதாகத் தோன்றுகிறது. ராக்கெட் விழுந்ததை உலகமே கண்டது. என் நிரல் விழவில்லை. பன்னிரண்டு பெயர்களை நீக்கிவிட்டு ஒன்றும் நடவாதது போல் முடிந்தது. அதனால்தான் ஒருவரும் ஐயுறவில்லை.

கர்ஜத்துக்கும் கண்டாலாவுக்கும் இடைப்பட்ட மலைப்பாதையில் ‘காட்ச் சைடிங்’ என்று ஒன்று உண்டு. மலையிறங்கும் வண்டி கட்டுக்கு அடங்காது ஓடிவருமாயின், அதனை ஏந்திக்கொள்வதற்காக மேட்டை நோக்கி அமைத்த கிளைப்பாதை அது. இறங்கும் வண்டி அங்கே நின்று, தன் பிரேக் தன் வசத்தில் இருப்பதைக் காட்டவேண்டும். அதன் பின்னரே நேர்ப்பாதைக்கு வழிவிடுவர். விதிவிலக்கை ஏந்துவது என்பது இதுதான். ஓடிவரும் வண்டியை ஏந்தி நிறுத்தி, என்ன நேர்ந்தது என்று கேட்பதற்காக ஏற்பட்டது அக்கிளைப்பாதை. நான் ‘பாஸ்’ என்று எழுதியது, அக்கிளையின் முனையில் பள்ளம் வெட்டி, விழுந்த பெட்டிகளை மூடி, வண்டி நேரத்துக்கு வந்து சேர்ந்தது என்று பதிவேட்டில் எழுதியதற்கு ஒப்பாகும்.

இன்னொரு வசதியையும் இங்கே குறிப்பிடவேண்டும். நிரல் விழுந்தபின்னும் டிபக்கரைக் கொண்டு விழுந்த இடத்துக்குள் நுழையலாம். எந்த வரி, அப்பொழுது எந்தப் பெயருக்குள் எந்த மதிப்பு, எவ்வழியாக அங்கு வந்தது என அனைத்தும் விழுந்தபடியே கிடக்கும். இதனைப் பிணப் பரிசோதனை என்னும் பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். இரயில் விபத்து நேர்ந்தால் இரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரணைக்கு வருவார். அதற்குள் தடயங்களைக் கலைக்கலாகாது. சனிக்கிழமை இரவு நிரல் தானே நின்றபோது எனக்கு அத்தகைய தடயம் கையில் கிடைத்திருந்தது. நானே அதைப் பெருக்கித் தள்ளினேன்.

என் கதையில் இழப்பு ஒன்றுமில்லை; ஒரு ஞாயிற்றுக்கிழமையின் அவமானம் மட்டுமே. இங்கிலாந்தில் நடந்தது வேறு. அந்நாட்டு அஞ்சல் நிறுவனம் 1999ஆம் ஆண்டு முதல் தன் கிளைகளில் ‘ஹொரைசன்’ என்னும் கணிப்பொறி முறையைக் கொண்டுவந்தது. அது தவறாகப் பற்றாக்குறை காட்டிற்று. காட்டிய தொகையைக் கிளை அஞ்சலகம் நடத்தியோர் தம் கையிலிருந்து கட்டினர். கட்ட இயலாதோர் மீது திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்குகள் தொடரப்பட்டன. 2015 வரையில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் நம் நாட்டில் பிறந்து அங்குக் குடியேறிய சீமா மிஸ்ரா என்பவரும் ஒருவர். சுமார் 74,000 பவுன் குறைகிறது என்று இயந்திரம் சொல்லியது. 2010ஆம் ஆண்டு நவம்பரில் கருவுற்றிருந்த நிலையில் அவர் சிறைக்கு அனுப்பப்பட்டார். அன்று அவருடைய மூத்த மகனின் பத்தாவது பிறந்தநாள்.

மாறாகச் சான்று காட்டும் வரையில் கணிப்பொறி ஒழுங்காகவே இயங்கியதாகக் கொள்வது அந்நாட்டு நீதிமன்ற வழக்கம். கல்லாவில் நிற்பவர் அதற்கு மாறான சான்றை எங்கிருந்து கொணர்வார்? நிரல் அவரிடம் இல்லை. நிறுத்தி நடத்திப் பார்க்கவும் அவருக்கு வழியில்லை. பின்னாளில் அம்முறையின் பிழைகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. 2015ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டனில் வெளிப்பட்டது ஒன்று. 8,000 பவுன் பணப்பையைப் பதிவு செய்யும்போது திரை அசையாது நின்றது. ஊழியர் விசையை மீண்டும் மீண்டும் அழுத்தினார். திரை நின்றதே தவிர, உள்ளே பதிவு நிற்கவில்லை. நான்கு முறை பதிந்து, 24,000 பவுன் குறைவதாகக் காட்டிற்று. இதனைப் படித்தபோது எனக்கு உடல் நடுங்கியது. டிக்கெட் கவுண்டரில் ரொக்கம் குறைந்தால் மாலையில் தம் பையிலிருந்து கட்டிவிட்டு வீட்டுக்குச் செல்லும் தோழர்களை நானறிவேன். 2019ஆம் ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஹொரைசனில் பிழைகள் இருந்தமையைத் தீர்ப்பில் உறுதி செய்தது. 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் சீமா மிஸ்ரா உள்ளிட்ட 39 பேரின் தண்டனைகள் நீக்கப்பட்டன. எஞ்சியோரில் பலருக்காக 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் தனிச் சட்டமே இயற்றவேண்டியதாயிற்று.

ஆகவே டிபக்கரை மென்பொருள் எழுதுவோரின் வசதிக்கான கருவி என்று மட்டும் நான் கருதவில்லை. இரசீதோடு வந்து நிற்பவரை நம்புவதற்கு அது வழி செய்கிறது. ‘உங்கள் வரவில் நிறுத்திப் பார்க்கிறேன், அமருங்கள்’ என்று சொல்ல முடிகிறது. நம் பிள்ளைகளில் வங்கிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் நிரல் எழுதுவோர் இருக்கின்றனர். அவர்கள் நள்ளிரவில் அலுப்பு மிகுந்து, ‘எக்ஸெப்ட்’டுக்குக் கீழே ‘பாஸ்’ என்று எழுதத் தலைப்படும்போது, மறுநாள் யார் இரசீதோடு வருவார் என்று ஒரு கணம் எண்ணுவாராக.

மறுநாள் திங்கட்கிழமை, வேலைக்குச் செல்லுமுன் அம்மையாரின் இட்லிக் கடைக்குச் சென்றேன். பிழை என்னுடையது என்றேன். “அதுதான் அப்பொழுதே தெரியுமே” என்று சொல்லி, இரண்டு இட்லி வைத்துக் கொடுத்தார். காசு கொடுத்தபோது மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

நிரலையும் திருத்தினேன். காற்புள்ளியை நீக்கிவிட்டு எண்ணாக மாற்றுகிறது. அதன்பின்னும் மாறாதது ஏதேனும் இருப்பின், ‘வேல்யூ எர்ரர்’ என்னும் அவ்வொன்றை மட்டும் ஏந்தி, வரி எண்ணையும் பெயரையும் ‘கணக்கில் சேராதவை’ என்னும் தனித்தாளில் எழுதுகிறது. அத்தாளில் ஒரு பெயர் இருந்தாலும் தகுதிப் பட்டியல் அச்சாகாது. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் ஓட்டியபோது அத்தாளில் மூன்று பெயர்கள் வந்தன. இரண்டில் தொகைக்கு முன் ‘ரூ.’ என்று எழுதியிருந்தது. மூன்றாவது பெயர் என்னுடையது. தொகை எழுதவேண்டிய இடத்தில் தேதியை எழுதியிருந்தேன்.